சவேரியாளும் சிவப்பு ரசமும்

தூத்துக்குடி இன்னாசியார் தெருவில் கறை பட்ட துணியை யாரும் உடனே தூக்கிப் போட மாட்டார்கள். முதலில் சவேரியாளிடம் கொண்டு வந்து காட்டுவார்கள். அவள் துணியை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "என்ன பட்டுது? என்னைக்குப் பட்டுது?" என்று இரண்டே கேள்வி கேட்பாள். தோணித் தார் என்றால் தேங்காய் எண்ணெய். ரத்தம் என்றால் ஆறின உப்புத் தண்ணீர். வெற்றிலைச் சாறு என்றால் புளித்த தயிர். கணவாய் மை என்றால் கொஞ்சம் யோசிப்பாள்.

ஒருமுறை துறைமுகத்துக் கிளார்க் ஒருவர் வெள்ளைச் சட்டையைக் கொண்டு வந்து, இருமல் மருந்து கொட்டிவிட்டது என்றார். சவேரியாள் மருந்துக்கு உண்டான வைத்தியத்தைச் செய்தாள். கறை போகவில்லை. மறுவாரம் வந்து கேட்டவரிடம், "மருந்துன்னு சொன்னிய. மருந்துக்கு உள்ளத செஞ்சேன். வேற எதுவும்னா இப்பவும் சொல்லலாம்" என்றாள். அவர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, வெற்றிலை என்றார். வீட்டில் வெற்றிலையை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருந்தாராம். இரண்டு நாளில் சட்டை வெளுத்துவிட்டது. சவேரியாள் அதை வெளியில் சொல்லவில்லை. கிளார்க்தான் தானே நாலு பேரிடம் சொல்லி அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தார்.

அவள் பிறந்தது வேம்பாரில். அப்பா சங்கு குளித்தவர். பதினேழு வயதில் ஜேசுபாதத்துக்கு வாழ்க்கைப்பட்டு தூத்துக்குடிக்கு வந்தாள். ஜேசுபாதம் கொழும்புக்கு வெங்காயமும் மிளகாயும் ஏற்றிப்போகும் தோணியில் தண்டல், அதாவது தோணிக்காரர்களுக்குத் தலைவர். காற்று ஒத்துழைக்கிற மாதங்களில் கடலில் இருப்பார். ஆனி ஆடியில் தோணியைக் கரையில் ஏற்றிவிட்டு வீட்டில் இருந்து எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் சொல்லுவார். மூன்றும் பெண் பிள்ளைகள். மூன்றும் கான்வென்ட்டில் வெள்ளைச் சட்டை போட்டுப் படித்தவை. நாவல் பழம், முந்திரிப் பழம், பேனா மை என்று அவை கொண்டு வந்த கறைகளில்தான் சவேரியாள் தொழில் படித்தாள்.

கோயில் துணி அவள் கைக்கு வந்தது அறுபத்தெட்டில். அதுவரை, மணி அடித்துக் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைதான் பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு வந்தார். கண் மங்கிப்போய், ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கு வாரத்தில் ரேந்தைப் பின்னல் வைத்த பீடத் துணியில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்துவிட்டார். மூன்றாம் பத்து மணி முடியும்போது துணியில் பெட்டியின் அடிப்பாகம் அப்படியே பதிந்திருந்தது. சாமியார் சவேரியாளைக் கூப்பிட்டனுப்பினார். தீய்ந்ததை அவளாலும் எடுக்க முடியவில்லை. ஆனால் அன்றிலிருந்து துணிகள் அவள் வீட்டுக்கு வந்தன.

அதில் முக்கியமானது, பூசையில் சாமியார் திராட்சை ரசம் பருகிய பின் கிண்ணத்தைத் துடைக்கிற சின்னத் துணி. முன்பெல்லாம் அதைப் பெண்கள் தொடக்கூடாது. சாமியாரே முதல் தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. பிறகு ரோமாபுரியில் சட்டத்தைத் தளர்த்தியதாக ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. சவேரியாள் திங்களும் வியாழனும் போய் மேசை டிராயரில் கிடக்கும் துணிகளை எடுத்து வருவாள். முதல் அலசின தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கோயில் பின்னால் பூவரச மரத்தடியில் ஊற்றுவாள். அப்புறம் சவுக்காரம், வல்லநாட்டுக் குழாய்த் தண்ணீர், கஞ்சி, துளி நீலம், இஸ்திரி. பூசைக்கு வெள்ளை ரசம்தான் வந்துகொண்டிருந்தது. அது துணியில் பட்டதும் தெரியாது, போனதும் தெரியாது. எட்டு வருஷம் இப்படியே போயிற்று.

எழுபத்தாறாம் வருஷம் பாஸ்கு திருவிழாவுக்கு ரசம் வந்து சேரவில்லை. ரசம் செய்து அனுப்புவது மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு மடம். அங்கே வெள்ளைத் திராட்சைக் கொடிகளுக்குச் சாம்பல் நோய் கண்டுவிட்டது. பங்குச் சாமியார் தேவபிரசாதம் பக்கத்து ஊர்ப் பங்குக் கோயிலில் இரண்டு பாட்டில் இரவல் வாங்கித் திருவிழாவை ஒப்பேற்றினார். இரவல் கொடுத்த சாமியார் அதைப் பார்க்கிற இடத்திலெல்லாம் ஞாபகப்படுத்தினார்.

ஜூன் கடைசியில் மடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் இரண்டு மாதிரி பாட்டில்களும் ரயிலில் வந்தன. மடத்துத் தோட்டத்தைப் பார்க்கும் பிரதர் பதினோரு வருஷம் முன்னால் சீமையிலிருந்து கொண்டு வந்து நட்ட கபர்னே என்னும் கருந்திராட்சை இப்போதுதான் சரியாகக் காய்த்திருக்கிறது. அதிலிருந்து முதல்முறையாகச் சிவப்பு ரசம் வெளியிடுகிறோம். வேண்டிய பங்குக் கோயில்கள் ஜூலை முடிவதற்குள் எழுதவும். வெள்ளை கிடைப்பது நிச்சயமில்லை.

தேவபிரசாதம் சாமியார் எதையும் கமிட்டியில் வைக்காமல் செய்யமாட்டார். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், பூசை உடுப்பு மாற்றுகிற அறையில் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் ஹென்றி, கப்பலில் ஸ்டுவர்டாக இருபது வருஷம் சுற்றிவிட்டு வந்தவர். இன்னொருவர் மரியான், ஓய்வு பெற்ற வாத்தியார். மற்ற மூவரும் இவர்கள் இருவரில் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம்.

சாமியார் இங்கிலீஷில் இருந்த சுற்றறிக்கையை வாசித்து அர்த்தம் சொன்னார்.

"கேபர்நெட்டு" என்று மரியான் வாத்தியார் எழுத்துக்கூட்டினார்.

"கபர்னே. கடைசி எழுத்தைச் சொல்லக்கூடாது வாத்தியாரே" என்றார் ஹென்றி.

"சொல்லக்கூடாத எழுத்த எதுக்கு எழுதுதான்?"

சாமியார் மேலே வாசித்தார். இந்த ரசத்தில் கருந்திராட்சை மணத்தோடு தேவதாரு மரத்தின் வாடையும், லேசாகப் புகையிலையும், சீவின பென்சிலின் வாசமும் இருப்பதாகப் பிரதர் எழுதியிருந்தார்.



"புகையிலையா?" என்றார் மரியான். "சாமி, பூசை ரசத்தில திராட்சையத் தவிர ஒரு தூசி இருந்தாலும் பூசை செல்லாது. நீங்கதான் ஞானோபதேசத்தில சொல்லிக் கொடுத்திய."

"அது உள்ளே போடுதது இல்ல வாத்தியாரே" என்றார் ஹென்றி. "அப்படி மணக்கும்னு சொல்லுதது. கப்பல்ல கேப்டன் மேசைக்கு நான் எத்தன ஊத்தியிருக்கேன்!"

"போடாம எப்படி மணக்கும்? பென்சில் பெட்டிக்குள்ளயா காய்ச்சுதாங்க?"

ஒரு மடக்கு குடித்துப் பார்த்தால் தனக்குத் தெரிந்துவிடும் என்றார் ஹென்றி. சாமியார் மேசை டிராயரைத் திறந்து பெர்மிட்டை எடுத்துக் காட்டினார். மதுவிலக்கு அமலில் இருந்த காலம். பெர்மிட்டில் 'பூசைக்கு மட்டும்' என்று டைப் அடித்து அடியில் கோடும் போட்டிருந்தது. ஹென்றி அதை இரண்டு தரம் வாசித்தார். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

ஒரு வாரம் இதையே பூசைக்கு வைத்துப் பார்ப்பது, அடுத்த ஞாயிறு முடிவு செய்வது என்று கலைந்தார்கள். தினம் ஒரு புதுத் துணி வைக்கச் சொல்லி சவேரியாளுக்கும் தகவல் போயிற்று.

திங்கள் சாயந்திரம் அவள் போய் முதல் துணியை எடுத்தாள். காலை ஆறு மணிக்குப் பட்ட கறை நன்றாகக் காய்ந்து, நாலணாக் காசு அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக இருந்தது. முறைப்படி அலசி மரத்தடியில் ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து சவுக்காரம் போட்டாள். சிவப்புக் கறை அவள் கண்ணெதிரே நீலமாக மாறியது. அவள் கையை எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தாள். நீலம் போய் ரோஸ் நிறம் வந்தது. ஆனால் போகவில்லை.

செவ்வாய்க்கிழமைத் துணியில் கல்லுப்பு. புதன்கிழமை, துணியைச் சட்டிமேல் இழுத்துக் கட்டி உயரத்திலிருந்து கொதிநீர். வியாழன் பால். வெளுத்தது, மங்கியது, நாலாம் துணியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கும் வந்தது. ஆனால் உற்றுப் பார்ப்பது அவள் வேலை. நல்ல தண்ணீர் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். அந்த வாரம் வீட்டில் சமையலுக்கு வைத்த தண்ணீரும் துணிக்கே போயிற்று. முட்டி வலிக்குக் கட்டின துணியோடு நாலு நாளும் குத்தவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைத் துணியும் அப்படியே. அன்று மாலை மரியான் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். ஜேசுபாதம் முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு சவேரியா, அந்த ரசத்தில கலந்த சாயம்?" என்றார் வாத்தியார்.

"கறை நிக்குது வாத்தியாரே."

"நிக்குமே! சாயம்னா நிக்கத்தான செய்யும். நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். ஞாயித்துக்கெழம வந்து, போவலன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் சொல்லிக்கிடுதேன்."

அவர் போனதும் ஜேசுபாதம் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லதுதானளா. போவலன்னுட்டு வந்துரு. ஒனக்கும் முட்டி வலிக்கு" என்றார்.

 அது சாயம் இல்லை என்று சவேரியாளுக்குத் திங்கட்கிழமையே தெரியும். கடைச் சாயம் சவுக்காரத்தில் நீலமாகாது. நாவல் பழம்தான் அப்படி ஆகும். கருத்த பழத்தின் சாறு எதுவானாலும், நல்ல பழமாக இருந்தால், அப்படித்தான் ஆகும். போகவில்லை என்பது உண்மை. அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் வேலை முடிந்தது. ஆனால் மலையடிவாரத்தில் யாரோ ஒரு பிரதர் பதினோரு வருஷம் கொடி வளர்த்திருக்கிறார். அவர் ரசத்தில் சாயம் கலந்தார் என்று ஒரு பேச்சு கிளம்பும். அது அந்த மடம் வரைக்கும் போகும். சரியான கேள்வியைக் கேட்காமல் கறைக்கு வைத்தியம் செய்த மாதிரி இருக்கும். ராத்திரிச் சோற்றுக்கு அவள் கருவாட்டைத் தீய விட்டாள்.

சனிக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். காலைப் பூசைக்கே போய், சாமியார் உடுப்பைக் கழற்றுமுன்னே துணியைக் கேட்டு வாங்கினாள். ஈரமாக இருக்கும்போதே அலசி, மரத்தடியில் ஊற்றி, அடுத்த தண்ணீரில் கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டு ஊற வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது துணி புதுசு போல இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிறு கமிட்டி கூடியது. முதலில் சாமியாரிடம் ருசி கேட்டார்கள். அவர் ரொம்பவும் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் அதைப் பருகுதது வசீகர ஜெபம் சொன்ன பெறவு. அப்ப அது ரசம் இல்ல. ஆண்டவருடைய திரு இரத்தம். அதோட ருசியப் பத்தி நான் எப்படி அபிப்பிராயம் சொல்ல?"

 வசீகரத்துக்கு முன்னால் குடித்துப் பார்த்திருக்கலாமே என்று ஹென்றி கேட்டார். அது பெர்மிட்டுக்கு விரோதம் என்றார் சாமியார். ஆக, இரண்டு பாட்டில் வந்தும், ஒரு பாட்டில் தீர்ந்தும், அதன் ருசி என்ன என்று பங்கில் ஒருவருக்கும் தெரியவில்லை.

"அப்ப சவேரியாளைக் கூப்பிடுங்க" என்றார் மரியான்.

அவள் ஈயம் பூசின தட்டில் ஆறு துணிகளையும் மடித்து அடுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொன்றிலும் கிழமை எழுதின சீட்டு குத்தியிருந்தது. அந்த அறைக்கு அவள் எட்டு வருஷமாக வந்துபோகிறாள். கமிட்டி நடக்கும்போது வந்தது அன்றுதான். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியும் இல்லை.

"போச்சா?" என்றார் சாமியார்.

"அஞ்சுல போவல, சாமி."

"பாத்தியளா?" என்று மரியான் எழுந்தே விட்டார். "சாயம்! புகையிலையும் சாயமும்!"

"சாயம் இல்ல வாத்தியாரே" என்றாள் சவேரியாள்.

மரியான் நின்றபடியே அவளைப் பார்த்தார். அவள் முந்தானையிலிருந்து ஒரு சவுக்காரத் துண்டு, இரண்டு நாவல் பழம், மூன்று கந்தல் துண்டு எல்லாம் எடுத்து மேசையில் வைத்தாள். வெளியே கடையிலிருந்து சிவப்புக் கலர் சோடா ஒரு பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். பிறகு, இரண்டாம் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு ரசம் வேண்டும் என்றாள்.

சாமியார் பெர்மிட்டை நினைத்துத் தயங்கினார்.

"குடிக்கத்தான சாமி கூடாது? துணிக்குத்தான கேக்கேன்."

சாமியார் தக்கையை எடுத்து, கந்தல் துண்டில் ஒரு சொட்டு விட்டார். அந்தச் சொட்டு துணியில் ஊறுவதை ஹென்றி கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு துண்டில் கலர், ஒன்றில் நாவல் பழம், ஒன்றில் ரசம். மூன்றிலும் சவேரியாள் சவுக்காரத்தைத் தேய்த்தாள். கலர் சிவப்பாகவே நின்றது. மற்ற இரண்டும் நீலமாயின. "கலர்ல கடைச் சாயம். அது மாறல. இது ரெண்டும் பழம். மாறிட்டு" என்றாள். "புகையிலைக் கறை மஞ்சளா நிக்கும் சாமி. எங்க வீட்டுக்காரர் வேட்டில பாத்திருக்கேன். இதுல அது இல்ல. இது நல்ல ரசம்."

மரியான் குனிந்து மூன்று துண்டையும் பார்த்தார். வாத்தியார் என்பதால் கண்ணால் கண்டதை அவரால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப வாங்கிருவோம்" என்றார் ஹென்றி.

"வாங்கலாம்" என்றாள் சவேரியாள். "ஆனா ஒண்ணு இருக்கு. காஞ்சா போவாது. ஈரத்தோட அலசினாத்தான் போவும். காலைல ஆறு மணிக்கு நான் வர முடியாது சாமி. குழாயில தண்ணி வார நேரம். முந்தி சாமிமாரே முதத் தண்ணி அலசிக் கொடுப்பாங்கன்னு கோயில்பிள்ளை சொல்லுவாரு. பூசை முடிஞ்ச கையோட அதச் செஞ்சு, உப்பும் எலுமிச்சையும் போட்டு வச்சிட்டியன்னா மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அறையில் ஐந்து ஆண்களும் சாமியாரைப் பார்த்தார்கள். தேவபிரசாதம் சாமியாருக்கு வயது அறுபத்தொன்று. தன் வேட்டியைத் தான் துவைத்து முப்பத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. சட்டத்தைத் தளர்த்தின கடிதத்தைத் தானே கோயிலில் வாசித்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது. தளர்த்தினார்களே தவிர, சாமியார் செய்யக்கூடாது என்று எழுதவில்லை.

"சரி" என்றார்.

வருஷத்துக்கு வேண்டியதில் பாதிக்கு மட்டும் எழுதினார்கள்.

அடுத்த மாதத்திலிருந்து தினமும் காலையில், பூசை முடிந்து ஞானஸ்நானச் சீட்டுக்கும் கல்யாண ஓலைக்கும் வந்தவர்கள், சாமியார் கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சட்டியில் துணி அலசி முடிக்கும்வரை காத்திருந்தார்கள். முதல் வாரம் அவர் துணியை முறுக்கிப் பிழிந்து கோணலாக்கிவிட்டார். சவேரியாள், "முறுக்காம அமுக்கிப் பிழியணும் சாமி" என்று சொல்லிக் கொடுத்தாள். எலுமிச்சைக்கும் உப்புக்கும் அவர் விரல்களில் வெடிப்பு விட்டது. அதற்கு அவள் கொஞ்சம் விளக்கெண்ணெய் கொண்டுவந்து சன்னலில் வைத்தாள். சாமியார் துணி துவைப்பது பங்குக்கு அழகா என்று மரியான் ஒருநாள் கேட்டார். நீங்கள் வேண்டுமானால் உதவிக்கு வாருங்கள் என்றார் சாமியார். கிறிஸ்து பிறப்புக்கு மூன்று பூசை. மூன்று துணி.

ஜனவரியில் வெள்ளைக் கொடிகள் தேறிவிட்டதாக மடத்திலிருந்து கார்டு வந்தது. சாமியார் இதை மட்டும் கமிட்டியில் வைக்கவில்லை. அன்றைய தபாலிலேயே வெள்ளைக்கு எழுதிவிட்டார்.

பத்து நாளில் பிரதரிடமிருந்து கைப்பட ஒரு கடிதம் வந்தது. சிவப்பு ரசம் வாங்கின பத்தொன்பது பங்குகளில் பதினேழு மறுபடி வெள்ளைக்கு மாறிவிட்டன; எல்லோரும் துணியைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள், ருசியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை; தாங்களாவது தயவு செய்து எழுதவும் என்று கேட்டிருந்தார். சாமியார் அதை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தார். பிறகு, துணி கொடுக்க வந்த சவேரியாளிடம் வாசித்துக் காட்டி, "என்ன எழுதலாம்?" என்றார்.

"சுத்தமான பழம்னு எழுதுங்க சாமி. ஈரத்தோட அலசினா போவும்ங்கதையும் எழுதுங்க. மத்தவங்களுக்குத் தெரியாம இருக்கும்."

அவர் அந்த இரண்டையும் எழுதி, மடத்துக்குத் தம் ஆசீரையும் சேர்த்து அனுப்பினார்.

மிச்சமிருந்த சிவப்புப் பாட்டில்கள் பாஸ்குவுக்கு முந்தின தபசு காலத்தோடு தீர்ந்தன. வெள்ளை ரசம் வந்த பிறகும் சாமியார், பழக்கமோ என்னவோ, பூசை முடிந்ததும் துணியை அலசி சட்டியில் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார். எழுபத்தொன்பதில் அவருக்கு மாற்றல் ஆயிற்று. புதிதாக வந்தவர் இளம் சாமியார். துணியை டிராயரில் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போய்விடுவார்.  சவேரியாள் பழையபடி திங்களும் வியாழனும் போய் எடுத்துக்கொண்டு வந்தாள்.